மரக்கால் யார் கையில் இருந்தது?

கிராமிய வாழ்வியல் அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்படுகிறது என்றால் மேடைப் பேச்சை நேரில் போய்க் கேட்க வேண்டியதில்லை. நம் கிராமங்கள் தன்னிறைவோடு இருந்தன. ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய மரியாதை இருந்தது. அம்மியும் ஆட்டுக்கல்லும் பெண்களுக்கு ஆரோக்கியம் தந்தன. இயந்திரமும் நம் மறதியும் சேர்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டன. எஞ்சியதையாவது பிள்ளைகளுக்குக் காட்டுவோம். ரிப்பன் வெட்டுபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இதுதான் பேச்சு. கல்லூரித் தமிழ்த்துறை ஓர் அறையை ஒதுக்கிக் கலப்பையையும் முறத்தையும் அடுக்கினாலும், நெடுஞ்சாலை உணவகம் வாசலில் மாட்டு வண்டியை நிறுத்தினாலும், பொங்கலுக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் ஓலைக் குடிசை செட் போட்டாலும், அந்தப் பேச்சின் சுருக்கம்தான் பலகையில் ஏறுகிறது.

அந்தப் பேச்சு கிட்டத்தட்ட முழுக்கத் தவறு என்று நினைக்கிறேன். அருங்காட்சியகம் வேண்டும், மாவட்டத்துக்கு ஒன்று இருந்தாலும் மகிழ்ச்சிதான். ஆனால் காணாமல் போன சொர்க்கத்துக்குச் சமாதி கட்டுவதற்காக அது வேண்டாம். யார் என்ன வேலை செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள், என்ன வாங்கினார்கள், ஏன் விட்டுப்போனார்கள் என்ற கணக்கை எழுதிவைப்பதற்காக வேண்டும்.

தன்னிறைவுக் கதையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது ஏதோ நம் பாட்டன்மார் சொன்னது என்று பலரும் நம்புகிறார்கள். அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சார்லஸ் மெட்காஃப். இந்தியக் கிராமங்கள் குட்டிக் குடியரசுகள், வேண்டியதை ஏறக்குறைய எல்லாம் தமக்குள்ளேயே வைத்திருப்பவை என்று 1830இல் அவர் எழுதினார். நிலவரியை யாரிடம் எப்படி வசூலிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த அதிகாரியின் குறிப்பு அது. பின்னால் தேசியவாதிகள் கைக்கு வந்து, கவிதையாகி, இப்போது உணவகச் சுவர்வரை வந்துவிட்டது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியலமைப்பை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர் மெட்காஃபின் வரிகளை எடுத்துச் சொல்லிவிட்டு, இந்தக் கிராமத்தில் அறியாமையையும் குறுகிய புத்தியையும் தவிர என்ன இருக்கிறது என்ற பொருளில் கேட்டார். அந்தக் கேள்வி எழுபத்தைந்து ஆண்டுகளாக எந்த அருங்காட்சியகப் பலகையிலும் இடம்பிடிக்கவில்லை.

அம்பேத்கரை விட்டுவிடுவோம், உப்பையே கேட்போம். உள்நாட்டுக் கிராமத்துக்கு உப்பு எங்கிருந்து வந்தது? வேதாரண்யத்திலிருந்தும் தூத்துக்குடிக் கரையிலிருந்தும் வந்தது. சங்கப் பாடல்களிலேயே உமணர்கள் வண்டி கட்டி உப்பு விற்கப் போகிறார்கள். கொங்குநாட்டு உழவன் ஏர்மாட்டை அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையிலோ கண்ணபுரத்திலோ விலைபேசி வாங்கினான். காஞ்சிபுரத்துத் தறியில் ஏறிய பட்டு நூல் மைசூர்ப் பக்கத்துச் சரக்கு, ஜரிகை சூரத்துச் சரக்கு. பாரம்பரியத்தின் உச்சம் என்று நாம் படமெடுத்துக்கொள்ளும் செட்டிநாட்டு வீட்டின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலேறியவை, அவற்றை வாங்கிய பணமும் பர்மாவில் வட்டிக்கு விட்டுச் சேர்த்தது. ஊர் ஒருகாலத்திலும் தனக்குத்தானே போதுமானதாக இருந்ததில்லை. ஊரைவிட்டு வெளியேற வழியில்லாதவர்கள் அதில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

மரியாதைக்கு வருவோம். கிராமிய அருங்காட்சியகம் எதிலும் ஒரு மூலையில் அளவைகள் இருக்கும்: ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால். பித்தளைப் பூண் போட்ட மரக்கால் பார்க்க அழகாகவே இருக்கும். கீழே 'தானியம் அளக்கும் கருவி' என்று எழுதியிருப்பார்கள். யார் யாருக்கு அளந்தார்கள் என்று எழுதமாட்டார்கள். களத்தில் தூற்றிக் குவித்த நெல்லில் தச்சரும் கொல்லரும் குயவரும் வண்ணாரும் நாவிதரும் வெட்டியாரும் தங்கள் தங்கள் முறைக்கு வந்து பங்கு வாங்கினார்கள். ஆண்டு முழுவதும் செய்த வேலைக்குக் கூலி அது. எவ்வளவு என்பது வழக்கம். ஆனால் வழக்கத்தைக் காப்பாற்றுவதும் மீறுவதும் மரக்கால் பிடித்தவர் விருப்பம். மழை பொய்த்தால் அவர்களுக்கும் பொய்த்தது. போதாது என்று வாய் திறந்தால் திமிர். வண்ணாரும் நாவிதரும் இருட்டும் நேரத்தில் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கினார்கள். அந்தச் சோறும் கூலியின் பகுதிதான், ஆனால் வாங்கிய விதம் பிச்சைக்காரர் வாங்கும் விதம். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் 1994இல் வந்தது. புதிரை வண்ணார் குடும்பத்து ஆரோக்கியம் களத்து மேட்டிலும் காலனி வாசலிலும் எப்படி நிற்கிறாள், என்ன சொல்லிக் கேட்கிறாள், என்ன கிடைக்கிறது என்பதைப் படித்தவர்கள், வெள்ளாவிப் பானையைக் கண்ணாடிக்குள் பார்த்து 'ஒவ்வொரு தொழிலுக்கும் மரியாதை' என்று சொல்லமாட்டார்கள். அந்த நாவலைவிடச் சிறந்த அருங்காட்சியகக் கையேடு எனக்குத் தெரிந்து இல்லை.

காவிரிப் படுகையில் மரக்காலின் கதை இன்னும் கனமானது. பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்ததை ஒழிக்க 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் விவசாயச் சங்கம் கட்டிப் போராட வேண்டியிருந்தது. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்ததும் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும் அவர்கள் செய்த குற்றம். அந்தக் கொஞ்சத்தை அளக்கும் பாத்திரத்துக்குப் பெயர் படி. கண்ணாடிப் பெட்டிக்குள் படியை வைத்து, வெண்மணியைச் சொல்லாமல் விடுவதை மறதி என்று என்னால் ஏற்க முடியவில்லை. எதை மறப்பது என்று தெரிந்து செய்த தேர்வு அது.

கிணற்றிலிருந்து மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலையை எடுங்கள். அதைச் சிறு மாதிரியாகச் செய்து, பொம்மை மாடு பூட்டி, குழந்தைகளுக்குக் காட்டுகிறார்கள். நல்லது. மாடுகள் சரிவில் இறங்கச் சால் மேலே வரும், வாயில் வந்து தானாகக் கவிழும். அந்தத் தொழில்நுட்பம் அருமையானதுதான். சாலின் அடியில் தைத்திருக்கும் நீண்ட தோல் வாலை மேலே தூக்கிப் பிடிக்கும் கயிறு ஒன்று, சாலை இழுக்கும் வடம் ஒன்று, இரண்டின் நீளமும் சரியாக அமைந்தால்தான் தண்ணீர் வழியில் சிந்தாமல் மேலே வந்து கொட்டும். இந்த நுணுக்கத்தை எந்தப் பலகையும் சொல்வதில்லை, 'பழங்கால நீர் இறைப்பு முறை' என்பதோடு முடித்துக்கொள்கிறது. அந்தத் தோல் யாருடையது? கொங்குப் பகுதியில் செத்த மாட்டைத் தூக்கிப்போய் உரித்து, பதப்படுத்தி, சாலுக்கு வால் தைத்து, கிழிந்தால் ஒட்டுப்போட்டு, பண்ணையக்காரர் வீட்டுக்குச் செருப்பும் தைத்துக் கொடுப்பது அருந்ததியர் மேல் விழுந்த கடமை. அவர்கள் வீட்டுப் பையன் அதே பண்ணையத்தில் ஆடு மேய்த்தான். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் அவனைப் பற்றியது. தாங்கள் தைத்த சாலில் இறைத்த தண்ணீரை அவர்களாகவே எடுத்துக் குடிக்க முடியாது, ஊற்றினால் கையேந்திக் குடிக்கலாம். இதைச் சொல்லாமல் கமலையைக் காட்டுவது பாதிக் கமலையைக் காட்டுவது.

1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது, பின்னால் கிணறுகளுக்கு மோட்டார் வந்தது, கமலை போனது. யாருடைய மறதியாலும் போகவில்லை. கிணற்று மேட்டில் விடியுமுன்பிருந்து மாட்டோடு மாடாக நடந்தவர்கள் நிம்மதியாக விட்டார்கள். தோல் வேலைக்குக் கட்டுப்பட்டிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். அங்கே சொர்க்கம் காத்திருக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணி வாங்கினார்கள், யார் வாசலிலும் தள்ளி நிற்கவில்லை. மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் சேர்ந்து நிலத்தடி நீரை உறிஞ்சிவிட்டன என்பது உண்மையான இழப்பு, அதைத் தாராளமாக எழுதலாம். நீர் போனதற்காக அழுவதும் கமலை போனதற்காக அழுவதும் ஒன்றல்ல.

எனக்கு அதிகமாக எரிச்சல் தருவது ஆட்டுக்கல் ஆரோக்கியம். அந்தக் காலத்துப் பெண்கள் ஆட்டினார்கள், அரைத்தார்கள், குத்தினார்கள், அதனால் நோயில்லாமல் இருந்தார்கள், சுகப்பிரசவம் ஆனது என்று வாட்ஸ்அப்பில் வராத வாரமில்லை. நாடு விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள். பிரசவத்தில் இறந்த பாட்டிகள் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவதில்லை, தப்பித்தவர்களின் பேரன்கள் அனுப்புகிறார்கள். புன்செய் நிலத்துக் குடும்பத்துக்கு இட்லி தீபாவளிப் பண்டம். அன்றாடம் கம்பும் கேழ்வரகும் சோளமும்தான். கம்பை நீர் தெளித்துப் பிசறி, உரலில் குத்தி, புடைத்து உமி போக்கி, மறுபடி இடித்து, அதற்குப் பிறகு அடுப்பில் ஏற்றிக் களி கிண்ட வேண்டும். காட்டில் களை எடுத்துவிட்டு வந்த பிறகு இது. ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடும் தாளத்தைக் கேட்டுக் கவிதை எழுதிய ஆண்கள் உண்டு. உலக்கையை வாங்கிப் போட்ட ஆண்கள் குறைவு.

1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி கிரைண்டரை உருவாக்கினார். தமிழ்ப் பெண்ணின் தோள்பட்டைக்கு இதைவிடப் பெரிய உதவியைச் செய்த தமிழர் யாரென்று யோசித்துப் பார்க்கிறேன், அகப்படவில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில் அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் கொடுத்தபோது படித்தவர்கள் 'இலவசத்தால் கெட்டது நாடு' என்று முகம் சுளித்தார்கள். அதே ஆட்கள்தான் ஆட்டுக்கல்லுக்கு முன்னால் நின்று நெகிழ்கிறார்கள். கிராமிய அருங்காட்சியகம் என்று பெயர் வைத்திருப்பவர்கள் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் அந்த விலையில்லா கிரைண்டரையும் அதன் அரசு முத்திரையோடு வைக்க வேண்டும். கிராமத்து அடுப்படியை மாற்றிய பொருள் அது. மாறாத கிராமம் வேண்டும் என்பவர்களுக்குத்தான் அது உறுத்தும்.

இதிலும் எல்லாம் ஒரு பக்கமாக இல்லை. கூலிக்கு நெல் குத்திப் பிழைத்த பெண்கள், பெரும்பாலும் கைம்பெண்கள், ஊர் ஊராக இருந்தார்கள். தவிடும் குறுணையும் அவர்களுடைய வருமானத்தில் சேர்ந்தவை. ரைஸ் மில் அவர்கள் பிழைப்பைப் பறித்தது. உலக்கை யாரை வருத்தியது, மில் யாரைப் பட்டினி போட்டது என்ற இரண்டையும் ஒரே பலகையில் எழுத முடியும். எழுதுவதற்கு 'அந்தக் காலம் பொற்காலம்' என்ற முடிவை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

'அருங்காட்சியகத்துக்குள் எதற்குச் சாதியைக் கொண்டுவருகிறீர்கள், குழந்தைகள் வரும் இடம்' என்பார்கள். கொண்டுவருவது நானல்ல. முட்டுக்காட்டில் 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்குப் போய்ப் பாருங்கள். இடிபடவிருந்த வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து, லாரி பேக்கரின் வடிவமைப்பில் மறுபடி நிறுத்திய பெரிய முயற்சி அது. இந்த வகையில் தென்னிந்தியாவில் அதற்கு ஈடில்லை. அங்கே வீடுகளுக்கு என்ன பெயர்? வணிகர் வீடு, அக்ரகாரத்து வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, உழவர் வீடு. தொழிலால் பிரித்த இந்தப் பிரிவு எதனால் பிரித்த பிரிவு என்று தமிழ்நாட்டுக் குழந்தை எதற்கும் விளக்கம் தேவையில்லை. நிலைப்படியின் உயரமும் சுவரின் தடிமனும் சொல்லிவிடும். பொருள்களே சாதியைச் சொல்லிக்கொண்டிருக்க, எழுத்து மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் குழந்தை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இதைப் பற்றிப் பெரியவர்கள் பேசமாட்டார்கள்.

இன்னொரு கோபமும் வரும்: அப்படியானால் கைத்திறனை இழிவுபடுத்துகிறீர்களா என்று. இழிவுபடுத்துவது சுற்றுலாச் சக்கரம்தான். கண்காட்சிகளில் ஒரு குயவரை உட்காரவைத்து, வருகிறவர்கள் சக்கரத்தில் விரல் வைத்து, அகல் விளக்கு ஒன்று செய்து, படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். பானை அப்படி வராது. சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும்போது நம் ஊர்ப் பானைக்கு அடியே இருக்காது. அதை ஓரளவு உலரவிட்டு, உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி, மண்ணை இழுத்து அடியை மூடி, சுவரை மெலிதாக்க வேண்டும். அதிகம் காய்ந்தால் விரியும், ஈரமாக இருந்தால் ஒட்டும். சரியான பதத்தைக் கண்டுபிடிக்கும் அறிவு தட்டுகிற கையில் இருக்கிறது. அதற்கு முன்னால் மண்ணும் மணலும் கலந்து காலால் மிதிப்பது, பின்னால் சூளை அடுக்குவது, மழை வந்தால் மொத்தமும் போவது. திறமையைப் போற்றுகிறேன் என்பவர் பானைக்கு அடி எப்படி வந்தது என்றாவது சொல்ல வேண்டும்.

குயவர்களே எதைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். கண்மாயிலும் ஏரியிலும் களிமண் எடுக்கச் சிக்கலில்லாத அனுமதி, மழைக்கால நிவாரணம், பொங்கல் பரிசுத் தொகுப்பில் மண்பானையும் அடுப்பும் சேர்ப்பது ஆகியவை அவர்களுடைய சங்கங்கள் திரும்பத் திரும்ப வைக்கும் கோரிக்கைகள். மண் எடுக்கும் அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெறலாம் என்ற ஏற்பாடு 2024இல்தான் வந்தது. 'எங்கள் தொழிலை மறந்துவிட்டீர்களே' என்று அவர்கள் அழுததாக நான் கேட்டதில்லை. அந்த அழுகை மண்ணை மிதிக்காதவர்களுடையது.

உழைப்பைச் சொன்னால் கூட்டம் வராது என்பதும் பொய். வேல்ஸில் செயிண்ட் ஃபேகன்ஸ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தை 1948இல் தொடங்கிய யோர்வெர்த் பீட் நம்மூர் மேடைப் பேச்சாளர்களின் அண்ணன். அவருக்கு வேல்ஸ் என்றால் கிராமமும் கைவினையும்தான். சுரங்கமும் இரும்பு ஆலையும் அவர் கணக்கில் சேரவில்லை. அவர் ஓய்வு பெற்று வருடங்கள் கழித்து அங்கே மெர்தர் டிட்ஃபிலிலிருந்து இரும்புத் தொழிலாளர்களின் ஆறு வீட்டு வரிசை ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்து கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு காலத்துக்கு அலங்கரித்தார்கள்: 1805, 1855, 1895, 1925, 1955, 1985. முதல் வீட்டில் வெறுந்தரை வாழ்வு, கடைசி வீட்டில் தொலைக்காட்சி. ஒரே வரிசையில் நடந்தால் போதும், ஒரு வர்க்கம் எப்படி வாழ்ந்தது, எதைப் பெற்றது என்று புரிந்துவிடும். நம்மிடம் ஒரு காலனித் தெருவை இப்படி நிறுத்த முடியாதா? ஓலைக் குடிசை, குடிசை மாற்றிக் கட்டிய தொகுப்பு வீடு, வளைகுடா பணத்தில் எழுந்த மாடி வீடு. முதல் வீட்டில் கொடியில் தொங்கும் ஒற்றைச் சேலை, கடைசி வீட்டில் சுவரில் மாட்டிய பட்டமளிப்புப் படம். எந்த மாட்டு வண்டியை விடவும் ஊர்க்காரர்கள் அதைப் பார்க்க வருவார்கள், அது அவர்கள் கதை.

இவ்வளவு வேகமாக ஏன் மறுக்க வேண்டும், பழம்பொருளை வைத்து நாலு பேர் சந்தோஷப்பட்டால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். அந்தப் பேச்சு அருங்காட்சியகச் சுவருக்குள் நிற்பதில்லை என்பதுதான் காரணம். 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாடநேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர்பெற்ற அந்தத் திட்டத்துக்கு அடியில் இருந்தது இதே படம்தான்: ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில், ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு மரியாதை, எல்லாம் ஒழுங்காக இயங்கும் கிராமம். 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில், 18 தொழில்களுக்கு ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தபோது குடும்பத் தொழில் என்ற நிபந்தனை திரும்பி வந்தது. பயிற்சியும் கடனும் நல்லவைதான். அப்பன் செய்த தொழில் என்ற வாசல் வழியாக ஏன் போக வேண்டும் என்பது தமிழ்நாட்டின் கேள்வி. அந்த வடிவில் ஏற்க மாட்டோம் என்று சொல்லி, குடும்பத்தையும் சாதியையும் கேட்காத கலைஞர் கைவினைத் திட்டத்தை மாநில அரசு 2025இல் தொடங்கியது. இந்த வழக்கில் நான் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

தச்சு வேலை பழக ஆசைப்படும் பெண்ணுக்கும், நெசவைக் கற்க வரும் கணக்காளர் மகனுக்கும் உளியும் நாடாவும் கிடைக்க வேண்டும். அதற்கு அருங்காட்சியகம் நல்ல இடம். அங்கே உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும் கைவினைஞர்தான் அந்த இடத்தின் உயிர். ஆகவே அடுத்துத் திறக்கவிருக்கும் அருங்காட்சியகத்தின் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: மரக்காலுக்குக் கீழே, களத்தில் யாருக்கு எத்தனை மரக்கால் கிடைத்தது என்று அந்த வட்டாரத்து முதியவர்களைக் கேட்டு எழுதுங்கள். கொடுத்தவர் வீட்டு முதியவரை மட்டும் கேட்காமல் வாங்கியவர் வீட்டிலும் கேளுங்கள், இரண்டு கணக்கும் வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள். சக்கரத்துக்குக் கீழே எழுதும்போது, உள்ளே உட்கார்ந்து அதைச் சுற்றிக்கொண்டிருக்கும் குயவருக்கு நீங்கள் இன்று கொடுக்கும் நாள் சம்பளம் எவ்வளவு என்பதையும் ரூபாயில் எழுதிவையுங்கள்.